படகு எஞ்சின் அறைக்கான தானியங்கி வாயு சிலிண்டர்: நான்கு வருடம் வைத்திருந்து பார்த்ததில்

நான்கு வருடமாக எங்கள் படகின் எஞ்சின் அறையில் ஒரு தானியங்கித் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறது. எச்எஃப்சி-227இஏ என்ற தீயணைப்பு வாயு 2.8 கிலோ நிரப்பியது. 4 கன மீட்டர் அறை வரைக்கும் போதும் என்று லேபிளில் போட்டிருக்கும் ரகம். கூடவே எஞ்சினை நிறுத்தும் ரிலே பெட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு விளக்குப் பலகை, கையால் இழுத்துத் திறக்க ஒரு கேபிள். இந்த நான்கு வருடத்தில் அது ஒரு முறை தேவையில்லாமல் என் எஞ்சினை நிறுத்தியிருக்கிறது. ஒரு முறை படகையும் அதில் இருந்த எங்கள் மூன்று பேரையும் காப்பாற்றியிருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் எழுதவில்லை. இதே அமைப்பைப் பல கம்பெனிகள் செய்கின்றன, நான் சொல்லப்போவது எதை வாங்கினாலும் பொருந்தும்.

இதற்கு முன்னால் நான் வைத்திருந்தது பவுடர் சிலிண்டர். அறையின் கூரையில் தொங்கவிட்டு, சூடு ஏறினால் தானாகவே உடைந்து கொட்டும் வகை. முதல் தீ வந்த அன்றைக்கு அந்தச் சிலிண்டர் என்ன செய்தது என்பதிலிருந்துதான் என் கதை தொடங்குகிறது.

எஞ்சினிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போகும் டீசல் ஹோஸ் ஒரு பிராக்கெட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதிர்வில் நாளாக நாளாக ரப்பர் தேய்ந்து, ஊசித் துளை அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. அதிலிருந்து வந்தது சொட்டு இல்லை, பொடிச் சாரல். அந்தச் சாரல் போய் விழுந்த இடம் டர்போ, எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் பாகம். டீசலுக்குப் பொறி தேவையில்லை, ஏறக்குறைய 250 டிகிரி சூடு இருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். சுமையோடு ஓடும் டர்போவின் உடம்பு அதைவிடச் சூடாக இருக்கும். பலகை இடுக்கில் புகை வந்தது, அடுத்த நொடி மேலே "டப்" என்று பவுடர் சிலிண்டர் உடைந்தது. புகை வெள்ளையாக மாறியது. அணைந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

ஆனால் எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற எஞ்சின் இரண்டு வேலை செய்யும். ஒன்று, டீசல் பம்ப்பைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே ஓட்டையிலிருந்து சாரல் நிற்காது. இரண்டு, காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஆகவே காற்றுத் துளைகள் வழியாகப் புதுக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். எண்ணெய், காற்று, சுட்ட இரும்பு, மூன்றும் அங்கேயே இருக்கிறது. பவுடர் அடங்கிக் கீழே படிந்ததும் தீ திரும்பவும் எழுந்தது. அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து ஸ்டாப் கேபிளை இழுத்தேன். எஞ்சின் நின்றது, சாரல் நின்றது. பலகையைக் கொஞ்சம் நெம்பி, இடுக்கு வழியாகக் கையடக்கச் சிலிண்டரை அடித்து அணைத்தோம். எனக்குப் புருவ முடி கருகியது, அதோடு போயிற்று.

அப்புறம் பல நாள் பவுடரைச் சுத்தம் செய்தேன். ஏபிசி பவுடர் என்று சொல்வது பெரும்பாலும் மோனோ அமோனியம் பாஸ்பேட். சூட்டில் உருகிப் பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும். படகில் ஈரம் இல்லாத இடம் எது? ஆல்டர்னேட்டர் செப்புச் சுருள், வயர் முனை, ஏர் ஃபில்டர், எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே உறிஞ்சியதால் டர்போவுக்குள்ளும் போயிருந்தது. தீயால் கெட்டது ஒரு ஹோஸும் நாலு வயரும். பவுடரால் கெட்டது அதைவிட அதிகம்.

அந்தச் சமயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். என் எஞ்சின் 6 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 6 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும், அதாவது ஒரு சுற்றுக்கு 3 லிட்டர். 1800 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 5400 லிட்டர், அதாவது 5.4 கன மீட்டர். எஞ்சின் அறை 2 மீட்டர் நீளம், 1.5 அகலம், 1.2 உயரம், மொத்தம் 3.6 கன மீட்டர். ஆக, அந்த அறையில் இருக்கும் காற்று அத்தனையையும் எஞ்சின் 40 நொடியில் குடித்துவிடும். என்னுடையதில் டர்போ இருப்பதால் இன்னும் சீக்கிரம். காற்றுக்குப் பதில் அங்கே தீயை அணைக்கும் வாயு நிரம்பியிருந்தால் அதையும் அப்படியேதான் குடிக்கும். எவ்வளவு நல்ல வாயுவாக இருந்தாலும், எவ்வளவு பெரிய சிலிண்டராக இருந்தாலும், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அதில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போய்விடும்.

அதனால் புதிதாக வாங்கும்போது நான் முதலில் பார்த்தது சிலிண்டரை இல்லை, அதோடு வரும் ரிலே பெட்டியை. சிலிண்டர் மட்டும் தனியாகவும் கிடைக்கிறது, பலரும் அதை மட்டும்தான் வாங்கி மாட்டுகிறார்கள். "சும்மா மாட்டிவிட்டால் போதும், தானா வேலை செய்யும்" என்று எனக்கும் சொன்னார்கள். பெட்ரோல் எஞ்சினில் வாயு உள்ளே போனால் பெரும்பாலும் மூச்சுத் திணறி நின்றுவிடும். டீசலை நம்ப முடியாது, இழுத்துக்கொண்டே சுற்றும். டீசல் வைத்திருப்பவர்கள் ரிலே இல்லாமல் இந்தச் சிலிண்டரை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அளவு விஷயத்தில் விற்றவர் ஒரு தப்பான யோசனை சொன்னார். "எஞ்சினே பாதி இடத்தை அடைச்சிருக்கு, அதைக் கழிச்சிட்டு 3 கன மீட்டர் சிலிண்டர் போடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. அறையின் முழு அளவுக்குத்தான் சிலிண்டர் எடுக்க வேண்டும், எஞ்சினைக் கழிக்கக் கூடாது என்று அதோடு வந்த கையேட்டிலேயே தெளிவாக இருக்கிறது. காற்றுத் துளை வழியாகக் கொஞ்சம் வாயு கசியத்தான் செய்யும், அந்தக் கூடுதல் அளவுதான் அதற்கு ஈடு. இந்த வாயுவுக்கு டீசல் மாதிரித் தீயில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிராம் வேண்டும். 3.6 கன மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. நான் வாங்கியதில் 2.8 கிலோ இருக்கிறது.

மாட்டுவதைப் பற்றி. சிலிண்டரின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும், சுண்டு விரலில் பாதி நீளம், உள்ளே வண்ணத் திரவம், நடுவில் ஒரு காற்றுக் குமிழி. கட்டடங்களில் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தெளிப்பான்களில் இருக்குமே, அதேதான். சூட்டில் திரவம் விரிந்து கண்ணாடியை உடைக்கும், வால்வு திறந்துவிடும். மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம். நிறத்தைப் பார்த்தே எந்தச் சூட்டில் உடையும் என்று சொல்லிவிடலாம்: ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. என்னுடையது மஞ்சள்.

79 என்றால் நிறைய என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்து, எக்ஸாஸ்ட் பக்கத்துச் சுவரில் வசதியாக இடம் இருக்கிறதே என்று அங்கே மாட்டப் போனேன். நல்லவேளை, அதற்கு முன்னால் அங்கே ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஓடும்போது 58 டிகிரி. நாள் முழுக்க ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தியபின் பார்த்தால், இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது. 64, 68, கடைசியில் 71. எஞ்சின் நின்றதும் தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது, காற்று இழுப்பதும் நிற்கிறது. இரும்புக்குள் இருந்த சூடெல்லாம் மெதுவாக வெளியே வருகிறது. எஞ்சின் அறை மிகவும் சூடாக இருப்பது ஓடும்போது இல்லை, நிறுத்தி கால் மணி நேரம் கழித்து. அங்கே மாட்டியிருந்தால் ஒரு வெயில் நாளில், தீயே இல்லாமல், கரையில் கட்டிய படகில் குப்பி உடைந்திருக்கும். அதனால் எதிர்ப்பக்கச் சுவரில், உயரமாக, எஞ்சினைப் பார்த்த மாதிரி மாட்டினேன். அங்கே அதிகபட்சம் 55. கையேட்டில் இந்தச் சூட்டேற்றத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இன்னும் விளக்கமாக எழுதியிருக்கலாம்.

பிராக்கெட் நல்ல கனமான தகடு, நான்கு வருட அதிர்வில் ஒரு கீறல் விழவில்லை. அழுத்தம் காட்டும் கேஜின் முகத்தை எஞ்சின் மூடியைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி திருப்பி வைத்தேன். கையால் இழுக்கும் கேபிளின் கைப்பிடியை எஞ்சின் அறைக்கு வெளியே, ஸ்டியரிங்கிலிருந்து எட்டும் தூரத்தில் போட்டேன். வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது இறுகும்.

ரிலே பெட்டி மாட்டுவதுதான் கஷ்டம். சிலிண்டரில் அழுத்தம் அறியும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அழுத்தம் இருக்கும் வரை சர்க்யூட் மூடியிருக்கும். சிலிண்டர் திறந்து அழுத்தம் இறங்கினால் சர்க்யூட் அறுந்து, ரிலே எஞ்சினையும், அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறியான ப்ளோயரையும் நிறுத்தும். ப்ளோயரையும் சேர்த்து நிறுத்துவது மிகவும் முக்கியம், அது ஓடினால் வாயுவை அதுவே வெளியே தள்ளிவிடும். எஞ்சினை நிறுத்துவதில் இரண்டு வகை. சில எஞ்சினில் டீசல் வால்வுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால்தான் ஓடும், கரண்டை வெட்டினால் நிற்கும். சிலவற்றில் கரண்ட் கொடுத்தால்தான் நிற்கும். இரண்டுக்கும் வயர் இணைப்பு வேறு. என் எஞ்சின் இரண்டும் இல்லை, பழைய மாடல், கையால் இழுக்கும் ஸ்டாப் கேபிள்தான். அதில் ரிலேவை எங்கே இணைப்பது? தனியாக ஒரு ஸ்டாப் சாலினாய்டு (கரண்டில் லீவரை நகர்த்தும் மின்காந்தம்) வாங்கி, பம்ப்பின் ஸ்டாப் லீவரில் பொருத்த வேண்டியிருந்தது. இப்படி ஒரு எஞ்சினுக்கு என்ன செய்வது என்று கையேட்டில் எதுவுமே இல்லை. வேலையில் இருக்கும் படகுகளில் பாதி இந்த மாதிரி எஞ்சின்தான், அவர்களுக்காக ஒரு பக்கம் எழுதக் கூடாதா?

மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓட விட்டு, அழுத்த ஸ்விட்ச்சின் கனெக்டரைக் கழற்றினேன். இரண்டு நொடியில் எஞ்சின் நின்றது. வருடம் இரண்டு முறை இந்தச் சோதனையைச் செய்கிறேன். செய்யாதவர்கள் செய்து பாருங்கள், சாலினாய்டு துருப்பிடித்து இறுகியிருந்தால் அப்போதுதான் தெரியும்.

தேவையில்லாமல் நின்ற கதை இது. இரண்டாம் வருடம், நல்ல அலையில், குறுகலான வாய்க்கால் ஒன்றில் நுழையும்போது எஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. பலகையில் சிவப்பு விளக்கு, பஸர் கத்துகிறது. எஞ்சின் அறையில் புகை இல்லை, நெடி இல்லை. பலகையில் ஓவர்ரைடு பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் சிலிண்டர் என்ன சொன்னாலும் எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்யலாம். அழுத்தினேன், ஸ்டார்ட் ஆயிற்று, தப்பித்தோம். அலை இழுத்துப்போய்க் கல்லில் மோதியிருக்கக் கூடிய இடம் அது. அந்தப் பொத்தான் இல்லாத ரிலேவை யாரும் வாங்கக் கூடாது. அது எங்கே இருக்கிறது என்று படகில் இருக்கும் எல்லோருக்கும் இருட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

கரைக்கு வந்து பார்த்தால், கனெக்டர் முனை பச்சை பூத்துக் கிடந்தது. உப்புக் காற்றில் செப்பு அரித்து இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. சர்க்யூட் அறுந்தால் சிலிண்டர் திறந்துவிட்டதாக ரிலே எடுத்துக்கொள்ளும், அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் படகுக்கென்று விற்கும் பொருளில் தண்ணீர் புகாத கனெக்டர் போட்டிருக்க வேண்டாமா? நானே முனையை வெட்டிவிட்டு, வெள்ளீயம் பூசிய வயரில் கிரிம்ப் போட்டு, பசை உள்ள ஷ்ரிங்க் குழாயை மேலே சுருக்கி, கிரீஸ் தடவினேன். அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. மொத்தப் பொருளிலும் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

உண்மையான தீ வந்தது போன வருடம். இந்தத் தடவை டீசல் இல்லை, வயர். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த பேட்டரி கேபிள், எஞ்சின் தாங்கியின் மூலையில் தேய்ந்து, உறை கிழிந்து, எஞ்சின் உடம்பில் பட்டுவிட்டது. எனக்கு முதலில் தெரிந்தது நெடி. கூட இருந்த தம்பி, "அண்ணே, ரப்பர் எரியுற வாசனை" என்றான். நான் திரும்புவதற்குள் கீழே "புஸ்ஸ்" என்று ஒரு நீண்ட சத்தம், அதோடு எஞ்சின் தானாக நின்றது. அந்த அமைதியில் பஸர் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் எந்தக் கேபிளையும் இழுக்கவில்லை, எதையும் யோசிக்கவும் இல்லை.

தம்பி உடனே மூடியைத் தூக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வாயு வெளியே போய்விடும், காற்று உள்ளே போய்விடும், சுட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் திரும்பப் பற்றும். முதலில் பேட்டரி மெயின் ஸ்விட்ச்சைத் திருப்பினேன், அது எஞ்சின் அறைக்கு வெளியே இருக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஷார்ட் ஆன வயரில் கரண்ட் இருக்கும் வரை அது திரும்பத் திரும்பப் பற்றவைத்துக்கொண்டே இருக்கும், எந்த வாயுவும் அதை நிறுத்தாது. மெயின் ஸ்விட்ச் எஞ்சின் அறைக்குள்ளேயே இருந்தால் அதை அணைக்க யார் உள்ளே போவது? அப்புறம் கையடக்கச் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நங்கூரம் போட்டாயிற்று. கையேட்டில் 15 நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது, நாங்கள் 20 நிமிடம் காத்திருந்தோம். நடுவில் இரண்டு மூன்று முறை மூடியின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். முதலில் இளஞ்சூடு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. உட்கார்ந்திருந்த அந்த 20 நிமிடம் எங்களோடு இருந்த பெரியவர் மட்டும், "இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திறக்கும்போது முகத்தை ஒதுக்கி, காற்று வரும் பக்கமாக நின்று, மெதுவாகத் திறந்தேன். இந்த வகை வாயு தீயில் பட்டால் கொஞ்சம் ஹைட்ரஜன் ஃப்ளோரைடாகச் சிதையும், அது கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். முழுக்கக் காற்றோட்டம் வரும் வரைக்கும் தலையை உள்ளே விடக் கூடாது. உள்ளே பார்த்தால், இரண்டு முழ நீளத்துக்கு கேபிள் உறை கருகியிருந்தது, பக்கத்துப் பலகையில் கரி. அவ்வளவுதான். பவுடர் இல்லை, ஈரம் இல்லை, துடைக்க ஒன்றும் இல்லை. கேபிளை மாற்றி, மூலையில் ரப்பர் வளையம் வைத்து, எல்லா இணைப்பையும் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பவுடரைச் சுரண்டிக்கொண்டிருந்த அந்த நாட்களை நினைத்தேன்.

வேறு வாயு எடுத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு. பழைய படகுகளில் ஹாலான் 1301 சிலிண்டர் இன்னும் கிடக்கும். தீயை அணைப்பதில் அதற்கு இணை இல்லை, ஆனால் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வந்து, வளர்ந்த நாடுகளில் 1994-லிலிருந்து அதன் உற்பத்தி நின்றுவிட்டது. காலியானால் நிரப்புவது கடினம். நான் வைத்திருக்கும் 227இஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல். 2016-இல் கிகாலியில் செய்த திருத்தப்படி இந்த வகை வாயுக்களை உலகம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறது. இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் எஃப்கே-5-1-12 பக்கம் போவேன், நோவெக் 1230 என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது. சாதாரணச் சூட்டில் அது தண்ணீர் மாதிரித் திரவம், 49 டிகிரியில் கொதிக்கும், சூழலில் சில நாளில் சிதைந்துவிடும். ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் அதிக எடை வேண்டும். 3எம் அதைச் செய்வதை 2025 முடிவோடு நிறுத்துவதாக 2022-இல் அறிவித்தது. அதே வாயுவை வேறு பெயரில் மற்றவர்களும் செய்கிறார்கள்.

கார்பன் டை ஆக்சைடை ஆள் நுழையக்கூடிய எஞ்சின் அறைக்கு நான் சொல்லவே மாட்டேன். தீயை அணைக்க அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு அது நிரம்ப வேண்டும், அந்த அளவில் உள்ளே இருக்கும் ஆள் சில மூச்சில் விழுந்துவிடுவார். பெரிய கப்பலில் அலாரம் அடித்து, ஆள் எண்ணி, அப்புறம் திறப்பார்கள். நம் அளவுப் படகில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. நுண்துகளைப் புகை மாதிரிப் பாய்ச்சும் ஏரோசால் வகை சின்னது, அழுத்தம் இல்லாதது, எடை போட வேண்டியதில்லை. ஆனால் மிகவும் சூடாகப் பாயும், முன்னால் பிளாஸ்டிக்கோ வயரோ இருக்கக் கூடாது, நுண்ணிய படிவையும் விட்டுப்போகும். இடமே இல்லாத சின்ன அறைக்கு அது சரி.

தானியங்கி இருக்கிறது என்று கையடக்கச் சிலிண்டரைக் கழற்றிவிடாதீர்கள். நான் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று ஸ்டியரிங் பக்கம், ஒன்று படுக்கும் இடத்தின் வாசலில். இரண்டுமே எஞ்சின் அறைக்கு வெளியே. எஞ்சின் மூடியில் ஒரு துளை போட்டு, விரலால் தள்ளினால் உள்ளே போகும் மாதிரி மூடி வைத்திருக்கிறேன். வாயு சிலிண்டர் போதாமல் போனால், மூடியைத் திறக்காமலே இந்தத் துளை வழியாக நாசிலை விட்டு அடிக்கலாம். முதல் தீயில் பலகையை நெம்பியபோது முகத்தில் அடித்த அனல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அதற்காகவே போட்டேன். போடுவதற்கு முன்னால் உங்கள் சிலிண்டர் நாசில் அந்தத் துளைக்குள் போகிறதா என்று பாருங்கள். கையடக்கம் பவுடராக இருந்தால் மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், படகின் அதிர்வில் பவுடர் அடியில் கல் மாதிரி இறுகிவிடும்.

வாயு சிலிண்டரைப் பராமரிக்க ஒரே ஒரு விஷயம்தான் பலர் செய்யாதது: எடை போடுவது. கேஜ் முள் பச்சையில் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கேஜ் காட்டுவது உள்ளே தள்ளுவதற்காக ஏற்றிய நைட்ரஜனின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான். காலையில் குளிரில் ஓரிடத்தில் நிற்கும், மதியம் எஞ்சின் சூட்டில் வேறிடத்தில் நிற்கும். உள்ளே எத்தனை கிலோ இருக்கிறது என்று முள் சொல்லாது. மொத்த எடை லேபிளில் இருக்கும். வாயுவில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிரப்பக் கொடுக்க வேண்டும். என் சிலிண்டரில் 5 சதவீதம் என்றால் 140 கிராம், ஆகவே பழைய ஸ்பிரிங் தராசு உதவாது, கிராம் காட்டும் தராசு வேண்டும். கழற்றும் முன்னால் குப்பிக்குப் பாதுகாப்பு மூடி போடுங்கள், அது கண்ணாடி, ஒரு ஸ்பானர் இடித்தால் போதும்.

படகுக்குள்ளேயே பெட்ரோல் எஞ்சின் (உள்போர்டு) வைத்திருப்பவர்களுக்கு இதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தேங்கும், உறைபனிக் குளிரிலும் பற்றும். வெடித்தால் எந்தச் சிலிண்டரும் அதற்கு முன்னால் ஓடி வராது. ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட விடுங்கள், மூடியைத் திறந்து மூக்கால் பாருங்கள்.

ஹோஸ் விஷயத்தையும் விட முடியவில்லை. என் இரண்டு தீயும் உரசலில்தான் வந்தன. டீசல் ஹோஸ் எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ 7840 என்று உடம்பிலேயே அச்சடித்த வகைக்கு மாற்றிவிட்டேன். தீக்குள் இரண்டரை நிமிடம் தாங்கும் என்று சோதித்த ரகம் அது. சிலிண்டர் உடைந்து வாயு வேலை செய்யும் வரைக்கும் எண்ணெய் கொட்டாமல் இருக்க அந்த நேரம் போதும். எஞ்சினுக்குக் கீழே ஒரு தட்டு வைத்து, அதில் எண்ணெய் சேர்ந்தால் அன்றைக்கே துடைக்கிறேன். எக்ஸாஸ்ட்டைச் சுற்றியிருக்கும் துணியில் எண்ணெய் ஊறியிருந்தால் அது விளக்குத் திரி மாதிரிதான், மாற்றிவிடுங்கள்.

இன்னும் இரண்டு குறை. விளக்குப் பலகையின் சிவப்பு விளக்கு நேர் வெயிலில் தெரியவே தெரியாது, கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, உடைந்த குப்பிக்குப் பதிலாகப் புதுக் குப்பி, சீல், வாயு எல்லாம் போட்டு சிலிண்டர் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் படகைக் கரையிலேயே கட்டி வைத்தேன், அது இல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்ததும் எடை போட்டு, லேபிளுக்குப் பக்கத்தில் தேதியோடு மார்க்கர் பேனாவில் எழுதினேன். கனெக்டரைக் கழற்றி எஞ்சின் நிற்கிறதா என்று பார்த்தேன், நின்றது. மறுநாள் காலையில் கிளம்பினோம்.